கங்கை ஓங்கிலும் முதற்சீலமும்



சாதியைத் துறந்து தம்மத்தைச் சரணடைந்த நம்மனோர் அடிக்கடி எடுத்தாளும் உவமை ஒன்று உண்டு. கங்கை, யமுனை, அசிரவதி, சரபூ, மகீ என்னும் பேராறுகள் கடலை அடைந்ததும் தத்தம் பெயரை இழந்து, கடல் என்ற ஒரே பெயரைப் பெறுகின்றன. அவ்வாறே நால்வகை வருணத்தாரும் சங்கத்தில் சேர்ந்ததும் பழைய பெயரையும் குலத்தையும் விட்டுவிடுகின்றனர் என்று பகவன் விளக்கினார். இவ்வுவமை அங்குத்தர நிகாயத்திலும் உதானத்திலும் காணப்படுகிறது. நம் கூட்டங்களில் இதைக் கேளாத நாள் அரிது.

ஆறுகளை இங்ஙனம் உவமையாகக் கண்டு மகிழ்ந்த நாம், அவ்வாறுகளையே ஒருமுறை உற்று நோக்குவது தகும். அவற்றில் வாழும் உயிர்கள் எவை? அவை இன்று எந்நிலையில் உள்ளன? அந்நிலைக்கும் நாம் உபோசத நாள்தோறும் ஏற்கும் முதற்சீலத்திற்கும் தொடர்பு உண்டா? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. அசோகரின் ஐந்தாம் தூண் சாசனம்

அசோக மன்னர் முடிசூடி இருபத்தாறு ஆண்டுகள் கழிந்தபின், ஏறத்தாழ கி.மு. 243-ஐ ஒட்டி, ஒரு சாசனத்தைக் கல்தூண்களில் பொறிக்கச் செய்தார். இதனை அறிஞர் ஐந்தாம் தூண் சாசனம் என்பர். டில்லியில் இன்று நிற்கும் தோப்ரா, மீரட் தூண்களிலும், பிரயாகைத் தூணிலும், பீகாரிலுள்ள லௌரியா, ராம்பூர்வா தூண்களிலும் இது காணப்படுகிறது. கொல்லத்தகாத உயிர்களின் பட்டியல் ஒன்று அதில் இருக்கிறது. கிளி, மைனா, சக்கரவாகம், அன்னம், வௌவால், ஆமை, முள்ளம்பன்றி, அணில், புறா எனப் பல உயிர்கள் அதில் வரிசையாகக் கூறப்படுகின்றன. அவ்வரிசையின் நடுவே ‘கங்கா புபுடகம்’ என்றொரு பெயர் வருகின்றது. கங்கையாற்றில் வாழும் ஓங்கிலையே இப்பெயர் குறிக்கிறது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு.

நம் கடற்கரை மீனவர் ஓங்கில் என்று வழங்கும் உயிரின் நன்னீர் உறவினமே இது. ஒரு பேரரசன் கல்லில் எழுதிக் காத்த உயிர்களுள் இதுவும் ஒன்று. இற்றைக்கு 2,200 ஆண்டுகளுக்கு முன்பே ஆற்றுயிர் ஒன்றுக்கு அரசாணையால் அடைக்கலம் தந்தது தம்மம் தழுவிய அரசு என்பதை நம் இளைஞர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

அச்சாசனம் பட்டியலோடு நின்றுவிடவில்லை. அதன் ஏனைய விதிகளையும் நாம் கூர்ந்து படித்தல் வேண்டும். சினையாயுள்ள ஆடு, பன்றி முதலியவற்றையும், பாலூட்டுவனவற்றையும், ஆறு மாதத்திற்குட்பட்ட குட்டிகளையும் கொல்லலாகாது. உள்ளே உயிர்கள் உறையும் உமியைக் கொளுத்தலாகாது. வீணாகவோ உயிர்களை அழிக்கவோ காட்டுக்குத் தீயிடலாகாது. ஓர் உயிரை மற்றோர் உயிருக்கு இரையாக்கி வளர்க்கலாகாது. குறிப்பிட்ட உபோசத நாட்களில் மீனைக் கொல்லவும் விற்கவும் கூடாது. அந்நாட்களில் மீனவர்க்குரிய நீர்நிலைகளிலும் யானைக் காடுகளிலும் வேறு உயிர்களையும் கொல்லலாகாது. இவை அவ்விதிகளுட் சில. இவற்றுள் உமியையும் காட்டையும் பற்றிய விதிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்கு அவை வேண்டியிருக்கும்.

2. கங்கை ஓங்கிலின் இயல்பு

கங்கை ஓங்கில் மீன் அன்று. பசுவைப் போலவும் நம்மைப் போலவும் குட்டி ஈன்று பாலூட்டும் உயிர் அது. நுரையீரலால் மூச்சு விடுவதால், ஓரிரு நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்திற்கு வந்தே தீரவேண்டும். அவ்வாறு மூச்சுவிடும் ஒலியைக் கொண்டே கங்கைக்கரை மக்கள் அதனைச் ‘சூசு’ எனவும் ‘சூன்ஸ்’ எனவும் அழைக்கின்றனர். வளர்ந்தது இரண்டு முதல் இரண்டரை மீட்டர் நீளம் இருக்கும். பெண் ஆணினும் பெரியது. நீண்டு மெலிந்த மூக்கும், அதில் வெளியே தெரியும் பற்களும் அதன் அடையாளம்.

அதன் கண்ணில் வில்லை இல்லை. ஒளியையும் இருளையும் பிரித்தறியுமேயன்றி உருவத்தைக் காணாது. வண்டல் கலந்த கலங்கல் நீரில் கண்ணால் ஆவது சிறிதே. ஆதலின் அது இடைவிடாது ஒலியை எழுப்பி, அவ்வொலி பொருள்களில் பட்டுத் திரும்புவதைக் கேட்டு, இரையையும் வழியையும் அறிகின்றது. ஒருக்களித்து நீந்தி, துடுப்பால் அடிமண்ணைத் தடவிச் செல்வதும் உண்டு. செவியையே கண்ணாகக் கொண்ட உயிர் என்று இதனைச் சுருங்கக் கூறலாம். விசைப்படகுகளின் இரைச்சல் மிக்க ஆற்றில் இவ்வுயிர் படும் துன்பம் எத்தகையது என்பதை இதனால் உய்த்துணரலாம்.

பெண் ஓங்கில் ஒரு முறைக்கு ஒரு குட்டியே ஈனும். அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு இழப்பை ஈடுசெய்வதுபோல இதனால் செய்ய இயலாது. ஒரு தாய் வலையில் மாண்டால், அவ்விழப்பு நீங்கப் பல ஆண்டுகள் வேண்டும்.

3. புத்தர் நடந்த நிலமும் ஓங்கில் வாழும் நீரும்

இவ்வுயிர் வாழும் ஆறுகளின் பெயர்களைப் படிக்கும்போது நம் வேதாகமமான திரிபிடகத்தின் நிலப்படமே கண்முன் விரிகின்றது. பாடலிபுத்திரம் இருந்த பாட்னா நகரின் கரையில் கங்கை ஓங்கில் இன்றும் துள்ளுகின்றது. வைசாலி நாட்டின் அருகே ஓடும் கண்டகியில் அது உண்டு. சரபூ எனப் பாலி நூல்கள் கூறும் சரயூவின் நீரைச் சுமந்துவரும் காக்ராவிலும் உண்டு. அன்றியும் கோசி, சோன், சம்பல், பிரம்மபுத்திரா ஆகிய ஆறுகளிலும், நேபாளம், வங்காளதேசம் ஆகிய நாடுகளின் ஆறுகளிலும் உண்டு. பகவன் பரிநிர்வாணத்தை நோக்கிய இறுதிப் பயணத்தில் பாடலி கிராமத்தருகே கங்கையைக் கடந்தார் என்பதை மகாபரிநிப்பான சுத்தத்தில் காண்கிறோம். அவர் கடந்த அந்நீரிலும் இவ்வுயிர் மூச்சுவிட எழுந்திருக்கும் என எண்ணுவதில் பிழையில்லை.

பீகாரிலுள்ள பாகல்பூர் மாவட்டத்தில் பால மன்னரான தருமபாலர் எட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி நிறுவிய விக்கிரமசீலப் பல்கலைக்கழகத்தின் இடிபாடுகள் உள்ளன. திபெத்துக்குத் தம்மம் கொண்டுசென்ற அதீச தீபங்கரர் விளங்கிய இடம் அது. அப்பெயரைத் தாங்கியே, சுல்தான்கஞ்சு முதல் கஹல்காவ் வரை கங்கையின் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் நீளமுள்ள பகுதி 1991-ஆம் ஆண்டு விக்கிரமசீல கங்கை ஓங்கில் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அறிவாலயம் அழிந்த இடத்தில் அதன் பெயர் ஓர் உயிருக்கு அடைக்கலமாக நிற்பது நமக்குச் சிந்தனை தருவதாகும்.

4. எண்ணிக்கையும் இடர்களும்

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கங்கை ஓங்கிலை முதலாம் அட்டவணையில் வைத்துக் காத்தது. 2009-ஆம் ஆண்டு இந்திய அரசு இதனை நாட்டின் நீர்வாழ் விலங்காக அறிவித்தது. 2021 முதல் 2023 வரை எட்டு மாநிலங்களில் இருபத்தெட்டு ஆறுகளில், 8,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் கணக்கெடுப்பு நடந்தது. 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளியான அதன் முடிவின்படி, இந்தியாவில் ஆற்று ஓங்கில்கள் 6,327. உத்தரப் பிரதேசத்தில் 2,397, பீகாரில் 2,220, மேற்கு வங்கத்தில் 815, அசாமில் 635 எனக் கணக்கிட்டனர். பஞ்சாபில் பியாசு ஆற்றில் வாழும் சிந்து ஓங்கில்கள் மூன்றே மூன்று.

ஆறாயிரம் என்பது பெருந்தொகையன்றோ எனச் சிலர் வினவலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலையடிவாரம் முதல் கழிமுகம் வரை பரவியிருந்த உயிர் இது. இன்று மேலாற்றுப் பகுதிகள் பலவற்றில் மறைந்தொழிந்தது. சிந்து ஓங்கிலின் கதையே இதற்குச் சான்று. பாசனத்திற்கென்று ஆற்றின் குறுக்கே அணை மேல் அணை கட்டப்பட்டதால், அவ்வினம் துண்டு துண்டாகப் பிரிந்தது. ஒவ்வொரு துண்டாக அழிந்தது. பெரும்பகுதி இன்று பாகிஸ்தானில் சில அணைகளுக்கு இடைப்பட்ட நீரில்தான் எஞ்சியுள்ளது. கங்கையிலும் 1975-இல் இயங்கத் தொடங்கிய பரக்கா அணை, மேலாற்று ஓங்கிலையும் கீழாற்று ஓங்கிலையும் பிரித்துவிட்டது.

இடர்களை நான்காக வகுக்கலாம். ஒன்று, அணைகளும் நீரை மிகுதியாக எடுத்தலும். கோடையில் ஆறு வற்றி, ஆழமான மடுக்களில் மட்டும் உயிர்கள் ஒடுங்குகின்றன. இரண்டு, வலை, மெல்லிய நைலான் வலையிற் சிக்கிய ஓங்கில் மேலெழுந்து மூச்சுவிட இயலாமல் நீருக்குள்ளேயே திணறி இறக்கிறது. மூன்று, ஓங்கிலின் கொழுப்பிலிருந்து எடுத்த எண்ணெயை மீனைக் கவரும் பொருளாக நீரில் இடும் வழக்கம். இதன்பொருட்டு வேண்டுமென்றே கொல்வதும் நடந்துள்ளது. நான்கு, ஆலைக் கழிவும், வயலில் தெளிக்கும் நஞ்சும், நகரச் சாக்கடையும்.

இவ்விடர்களின் முடிவு எதுவாகும் என்பதைச் சீன நாடு காட்டிவிட்டது. யாங்சே ஆற்றில் ‘பைஜி’ என்னும் வெண்ணிற ஓங்கில் வாழ்ந்தது. 2006-ஆம் ஆண்டின் இறுதியில் பன்னாட்டு அறிஞர்கள் ஆறு வாரங்கள் அவ்வாற்றில் தேடினர், ஒன்றையேனும் காணவில்லை. பைஜியைக் கொல்லவேண்டும் என்று யாரும் படையெடுக்கவில்லை. மீன் பிடிக்கும் தூண்டில் வரிசைகளும், கப்பல் போக்குவரத்தும், அணைகளும், கழிவும் தத்தம் வேலையைச் செய்தன; அவ்வினம் மறைந்தது. 2023-ஆம் ஆண்டு பிரேசிலில் தெபே ஏரியின் நீர் வறட்சியாலும் வெயிலாலும் கொதித்தது போலாகி, 150-க்கும் மேற்பட்ட ஓங்கில்கள் மாண்டன. அங்கும் கொல்ல நினைத்தவர் ஒருவருமில்லை.

5. கொல்லும் எண்ணமின்றி நிகழும் கொலை

இங்கேதான் நம் பாடத்தின் கடினமான இடம் வருகிறது. முதற்சீலம் உயிர்க்கொலையினின்று விலகுதல். கொலை என்னும் தீவினை நிறைவுற ஐந்து உறுப்புகள் வேண்டும் என உரையாசிரியர்கள் வகுத்துள்ளனர்: உயிர் ஒன்று இருத்தல், அது உயிர் என அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் அவ்வுயிர் சாதல். எண்ணமே வினை என்பது தம்மத்தின் அடிப்படை. அவ்வாறாயின், மீனுக்கு வலை வீசியவன் வலையில் ஓங்கில் செத்தால், ஓங்கிலைக் கொன்ற பழி அவனுக்கு இல்லை. அணை கட்டியவனுக்கும் இல்லை. கழிவை விட்டவனுக்கும் இல்லை. அக்கழிவு பிறப்பதற்குக் காரணமான பண்டத்தை வாங்கிய நமக்கும் இல்லை. ஓர் இனம் முழுதும் அழிந்த பின்னும் சீலம் கெட்டவர் ஒருவரும் இல்லை என்று ஆகிவிடும். இம்முடிவு நம் நெஞ்சிற்கு ஒவ்வுமா?

ஐந்து உறுப்புகளை நாம் மறுக்க வேண்டுவதில்லை. தெரியாமல் மிதித்த எறும்பிற்காக ஒருவனைக் கொலைஞன் என்பது தம்மத்திற்கு ஒவ்வாது. ஆனால் அறியாமை என்றும் அறியாமையாகவே இருப்பதில்லை. வலையில் ஓங்கில் சிக்கும் என்று ஒருமுறை அறிந்த பின், கழிவில் உயிர் மடியும் என்று கண்ட பின், அதே செயலை அவ்வாறே தொடர்கிறவன் ‘எனக்குத் தெரியாது’ எனச் சொல்ல இடமில்லை. அவனிடம் கொல்லும் விருப்பம் இல்லாதிருக்கலாம். ‘செத்தால் சாகட்டும்’ என்னும் அசட்டை இருக்கிறது. அவ்வசட்டையும் மனத்தின் செயலே. பகவன் தம் இறுதி உரையில் வற்புறுத்திய அப்பமாதம், அதாவது சோர்விலா விழிப்பு, இவ்வசட்டைக்கு நேர் எதிரானது.

மிலிந்த மன்னர் நாகசேன தேரரிடம் இத்தகைய வினாவையே கேட்டார்: தீவினையை அறிந்து செய்பவனுக்குக் கேடு மிகுதியா, அறியாது செய்பவனுக்கா? அறியாது செய்பவனுக்கே என்றார் தேரர். காய்ந்து சிவந்த இரும்புருண்டையை அறிந்து தொடுபவன் அஞ்சி மெல்லத் தொடுவான். அறியாதவன் இறுகப் பற்றி மிகச் சுடுபடுவான் என்பது அவர் காட்டிய உவமை. எறும்பை மிதித்தவனைப் பற்றிய பேச்சன்று இது. தீயது என்றே உணராதவன் தீமையை முழுக்கையாலும் பற்றுகிறான் என்பதே கருத்து. ஆற்றை நஞ்சாக்குவது தீது என உணராத நாகரிகம் அவ்வாறே அதனைப் பற்றிக்கொண்டிருக்கிறது.

இனி, அசோகரின் உமியையும் காட்டையும் நினைவுகூருங்கள். உமியைக் கொளுத்துவோன் உள்ளிருக்கும் பூச்சியைக் கொல்ல எண்ணுவதில்லை; உமியை ஒழிக்கவே எண்ணுகிறான். ஆயினும் அரசர் தடுத்தார். ஏன்? உயிர் உறையும் இடத்தை அழிப்பது உயிரை அழிப்பதே என அவர் கண்டார். ஓங்கிலைக் கொல்லாதே என்ற விதியோடு உமியைக் கொளுத்தாதே என்ற விதியையும் சேர்த்துப் படித்தால், ஆற்றைக் கெடுக்காதே என்ற விதி தானே பிறக்கும்.

நல்வாழ்க்கைத் தொழிலைப் பற்றிய பகவனின் போதனையும் இதற்குத் துணை நிற்கிறது. உபாசகன் விலக்கவேண்டிய வாணிகம் ஐந்து: படைக்கலம், உயிர், இறைச்சி, கள், நஞ்சு. நஞ்சு விற்பவன் தானே எவரையும் கொல்வதில்லை. ஆயினும் அத்தொழில் விலக்கப்பட்டது. விளைவை முன்னறிந்து விலகுதல் அறநெறியின் பகுதி என்பது இதனால் பெறப்படும்.

6. மீனவரைப் பழித்தல் தகுமா?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். செய்யும் தொழிலைக் காட்டி ஒரு கூட்டத்தாரை இழிந்தோர் என ஒதுக்கிய கொடுமையிலிருந்து வெளிவந்தவர்கள் நாம். உயிர்க்கருணையின் பெயரால் வலைஞரைத் தாழ்வாகப் பேசும் வழக்கம் நம்மிடையே தலைகாட்டலாகாது. அணையைக் கட்டியவர் வலைஞர் அல்லர். ஆலைக் கழிவை ஆற்றில் விட்டவர் வலைஞர் அல்லர். மீன் குறைந்த ஆற்றில் வயிற்றுக்காக மேலும் மெல்லிய வலையை வீசும் நிலைக்கு அவர் தள்ளப்பட்டார். ஓங்கிலைப் போலவே அவரும் அவ்வாற்றின் நலிவால் துன்புறுபவர்.

பாட்னாவைச் சேர்ந்த விலங்கியல் அறிஞர் ரவீந்திர குமார் சின்கா இதனை உணர்ந்து பணியாற்றினார். மீன் கழிவிலிருந்து எடுக்கும் எண்ணெயும் மீனைக் கவரும் என்பதைக் காட்டி, ஓங்கில் எண்ணெய்க்கு மாற்றாக அதனை மீனவர்க்கு எடுத்துரைத்தார். பிழைப்பைப் பறிக்காமல் கொலையை நீக்கும் வழி அது. அவருக்கு 2016-ஆம் ஆண்டு பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. மியான்மாரின் ஐராவதி ஆற்றில் வேறொரு வகை ஓங்கில் மீன்கூட்டத்தை வலைஞர் பக்கம் ஓட்டித் தர, இருவரும் பங்கிட்டு உண்ணும் பழக்கம் தலைமுறைகளாக இருந்து வருகிறது. மனிதனும் ஓங்கிலும் பகைவராகவே இருக்கவேண்டும் என்னும் நியதி இல்லை.

7. நம் வாயிலில் உள்ள நீர்

கங்கை வெகுதொலைவில் உள்ளது. நமக்கென்ன என இடப்பள்ளிப் பக்கத்து அன்பர் கேட்கலாம். கேரள ஆறுகளில் ஆற்று ஓங்கில் இல்லை என்பது உண்மையே. ஆயினும் கொச்சித் துறைமுக வாயிலில், சீனவலைகள் நிற்கும் கரைக்கு எதிரே, கூன்முதுகுடைய கடல் ஓங்கில்கள் மீனைத் தொடர்ந்து வந்து எழுந்தமிழ்வதை மட்டாஞ்சேரியார் பலரும் கண்டிருப்பர். கடலுக்கும் வேம்பநாட்டுக் காயலுக்கும் இடைப்பட்ட அந்நீர் பெரியாற்றின் நீரையும் ஏற்பது. 2024-ஆம் ஆண்டு மே மாதம் ஏலூர், எடையார் ஆலைப் பகுதியை ஒட்டிய பெரியாற்றில் மீன்கள் பெருந்தொகையாகச் செத்து மிதந்தன. கூண்டில் மீன் வளர்த்த எளியோர் தம் முதலை இழந்தனர். தடுப்பணையைத் திறந்தபோது நீரில் உயிர்வளி குறைந்தது காரணம் என ஒரு சாராரும், கழிவிலிருந்த நச்சுப்பொருள்களே காரணம் எனப் பிறிதொரு சாராரும் கூறினர். எக்காரணமாயினும், மாண்ட மீனுக்கும் முதலிழந்த ஏழைக்கும் வேறுபாடு இல்லை.

ஒரு காலத்தில் தோணிகள் சென்ற இடப்பள்ளித் தோட்டையும் எண்ணிப் பாருங்கள். அது பெரியாற்றின் கிளையான முட்டாறு, சித்திரப்புழை ஆகியவற்றை இணைப்பது. அதில் குப்பை எறியும் கை ஓங்கிலை எண்ணி எறிவதில்லை. மீனையும் எண்ணி எறிவதில்லை. எண்ணாமையே அங்குக் கேடு.

8. நாம் செய்யத்தக்கவை

அசோகர் தம் ஏழாம் தூண் சாசனத்தில் ஓர் உண்மையை ஒளிக்காது கூறுகிறார். தம்மம் வளர அவர் கையாண்ட வழிகள் இரண்டு: ஒன்று விதி, மற்றொன்று மனத்தை இணங்கச் செய்தல். விதியால் ஆனது சிறிது. மனம் இணங்கியதால் ஆனதே பெரிது என்கிறார். கொல்லத்தகாத உயிர்களைப் பட்டியலிட்ட அரசரே இதைச் சொல்வதால் இதற்கு மதிப்பு மிகுதி. சட்டம் வேண்டும், அது நடைபெற மக்கள் நெஞ்சமும் வேண்டும்.

சீனத்தில் பைஜி மறைந்தபின் விழித்துக்கொண்டனர். 2021 முதல் யாங்சே ஆற்றில் பத்தாண்டுக்கு மீன்பிடி நிறுத்தப்பட்டது. அவ்வாற்றின் மற்றோர் உயிரான முதுகுத்துடுப்பில்லா ஓங்கில் வகை 2017-இல் 1,012 ஆக இருந்தது. 2022-இல் 1,249 ஆயிற்று. காலங்கடந்த விழிப்பிலும் பயன் உண்டு. காலத்தில் விழித்தால் பயன் பன்மடங்காகும்.

ஆகவே, உபோசத நாளில் முதற்சீலத்தை ஏற்கும்போது மூன்று செயல்களை உறுதிகொள்வோமாக. ஒன்று, தோட்டிலும் காயலிலும் ஆற்றிலும் நஞ்சையோ, நெகிழியையோ, கிழிந்த வலையையோ எறிவதில்லை. இரண்டு, நம் ஊர் நீர் கெடும்போது வாளாவிராமல், மீனவரோடு சேர்ந்து உரிய அதிகாரிகளிடம் முறையிடுவோம். மூன்று, நம் பிள்ளைகளுக்கு அசோகரின் வெற்றிகளைக் கற்பிக்கும்போதே அவர் காத்த உயிர்களின் பட்டியலையும் கற்பிப்போம்.

சாதிப்பெயரைக் கடலில் விட்டு வந்த நமக்கு ஆறுகள் பட்ட கடன் ஒன்றுமில்லை. நாமே அவற்றிற்குக் கடன்பட்டோம். நம் விடுதலையை விளக்க உவமையாகி உதவிய அவ்வாறுகளில், பார்வையற்ற ஓர் உயிர் ஒவ்வொரு நிமிடமும் மூச்சுக்காக எழுகின்றது. அம்மூச்சு நிற்காதிருக்க நம்மால் ஆனதைச் செய்வதும் சீலமே ஆகும்.

பயிற்சி வினாக்கள்

1. ஐந்தாம் தூண் சாசனத்தில் உயிர்களின் உறைவிடத்தைக் காக்கும் விதிகள் எவை?
2. கங்கை ஓங்கில் வலையில் இறப்பது எதனால்?
3. கொலையின் ஐந்து உறுப்புகளைக் கூறி, வலையில் நிகழும் ஓங்கில் சாவிற்கு அவற்றைப் பொருத்தி ஆராய்க.
4. இரும்புருண்டை உவமையின் கருத்து யாது?
5. நும் ஊரில் கெட்டுவரும் நீர்நிலை ஒன்றைக் குறிப்பிட்டு, அதில் வாழும் உயிர்களையும் அதை நம்பிப் பிழைக்கும் மக்களையும் பட்டியலிடுக.